கப்பலிலும் இரண்டாம் பந்தி

வயல் சூழ்ந்த நெடுங்காட்டுக்காரனுக்குத் தண்ணீர் என்றால் வாய்க்கால்தான். முழங்காலுக்கு மேல் ஏறினால் கரைக்கு வந்துவிடுவோம். அப்படிப்பட்ட நான் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஓர் உல்லாசக் கப்பலுக்கு முன்னால் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றதற்குக் காரணம் கடல் ஆசை இல்லை. என் மகள் கல்யாணத்தில் சாத்தப்பட்ட ஒரு கதவு.

காரைக்காலில் மண்டபம். முதல் பந்தி நிரம்பியதும், பந்தி வாசலில் காவல் நின்ற என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், வழக்கப்படி கதவைச் சாத்தினார். யார் மூக்குக்கு நேராகச் சாத்துகிறோம் என்று அவர் பார்க்கவில்லை. அந்த மூக்கு மாப்பிள்ளையின் பெரியப்பாவுடையது. சம்பந்தி சிங்காரவேலு கருக்களாச்சேரியில் விசைப்படகு வைத்திருப்பவர். அவர் கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் இருப்பவனுக்குக் கேட்கும். "எங்க அண்ணனுக்கு ரெண்டாம் பந்தியா? கடக்கரை ஆளுங்கன்னா அவ்வளவுதானா?" என்று அவர் கேட்டது மண்டபத்தின் மேளத்தையும் மீறிக் கேட்டது. நாங்கள் நெல் குடும்பம், அவர்கள் மீன் குடும்பம். பிள்ளைகள் தாங்களாகவே பார்த்து முடிவு செய்துகொண்ட கல்யாணம். ஏற்கெனவே இரண்டு வீடும் கொதிக்கிற பாலைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல நடந்துகொண்டிருந்தோம். அன்றைக்கு அது சிந்திவிட்டது. அதன் பிறகு சம்பந்தி எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இப்போது மகள் தேன்மொழி உண்டாகியிருக்கிறாள். சிங்கப்பூரில் புருஷனோடு இருப்பவள், வளைகாப்பைக் காரைக்காலில்தான் வைக்க வேண்டும், இரண்டு வீடும் சேர்ந்து நிற்க வேண்டும் என்றாள். "இல்லாட்டி எனக்கு வளையலே வேணாம்ப்பா" என்று போனில் அழுதாள். அழுது முடித்ததும், இரண்டு வீட்டுப் பெற்றோர் நான்கு பேரையும் சிங்கப்பூருக்கு வரவழைத்து ஒரு கப்பலில் ஏற்றிவிட்டாள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு இல்லையாம்.

"வீட்டுல உக்கார வச்சா யாராவது ஒருத்தர் எந்திரிச்சுப் போயிடுவீங்க. கப்பல்ல எங்க போவீங்க? குதிச்சாதான் உண்டு" என்றாள். என்னைப் போலவே பேசுகிறாள்.

முதல் நாளே வினை வந்தது. சம்பந்தியும் அவர் மனைவி மல்லிகாவும் பெட்டிகளை ஒப்படைக்கப் போயிருந்தார்கள். பதிவு மேசையில் இருந்த சீனப் பெண் என்னைப் பார்த்துக் கைதட்டினாள். குலுக்கலில் எங்கள் அறை எண் விழுந்திருக்கிறது, எங்களை மேல் வகுப்புக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லி இரண்டு தங்க நிற அட்டைகளை நீட்டினாள். பால்கனி உள்ள அறை, தனிச் சாப்பாட்டுக் கூடம், தனித் தளம், எங்கும் வரிசையில் நிற்க வேண்டாம். சம்பந்திக்கு நீல அட்டை. கப்பலின் வயிற்றுக்குள், சன்னல் இல்லாத அறை.

எனக்கு வேர்த்துவிட்டது. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டாரைவிட உயரமான நாற்காலியில்கூட உட்கார மாட்டான். நான் ஏழு மாடி உயரத்தில் படுக்கப் போகிறேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்றாடினேன்: அவர்கள் பையன் வீடு, நாங்கள் பெண் வீடு, பெண் வீட்டுக்குச் சின்ன அறைதான் முறை, தயவுசெய்து மாற்றிக் கொடுங்கள். அவள் முகம் இறுகியது. என்னை விட்டுவிட்டு என் மனைவி செண்பகத்திடம் குனிந்து, "அம்மா, இவர் உங்களை வீட்டிலும் இப்படித்தான் நடத்துகிறாரா?" என்று அக்கறையோடு கேட்டாள். செண்பகம் ஆங்கிலம் புரியாமல் "யெஸ் யெஸ்" என்று சிரித்தாள்.

அட்டை பரிசு, பிறருக்கு மாற்ற முடியாது என்று முடித்துவிட்டார்கள்.

"சொல்லாம விட்டுருவோம்" என்றேன்.

"சொல்லாம விடுங்க. ஆனா அந்த ரூமுலதான் நான் படுப்பேன்" என்றாள் செண்பகம். முப்பது வருடமாக என் அரசாங்கக் குடியிருப்பின் ஒழுகுகிற கூரைக்குக் கீழ் பாத்திரம் வைத்தவள்.

அன்று இரவு எல்லோருக்கும் பொதுவான பெரிய கூடத்தில் நான்கு பேரும் தட்டு ஏந்தினோம். இட்லி என்று ஒன்றுக்குப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். கரண்டியால் தொட்டேன், கரண்டிதான் நகர்ந்தது. சாம்பாரில் வெல்லம் போட்ட புண்ணியவான் யாரோ தெரியவில்லை. மல்லிகா சம்பந்தியம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மகனுக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த இறால் தொக்கின் மிச்சம். அதன் வாசனைக்குப் பக்கத்து மேசைகள் திரும்பின. அதைப் போட்டுப் பிசைந்த பிறகுதான் சோறு சோறானது.

சாப்பிட்டு எழுந்ததும் சம்பந்தி, "வாங்க, உங்க ரூம் எப்புடி இருக்குன்னு பாப்போம்" என்றார்.

"செண்பகம் தூங்குறா சம்பந்தி" என்றேன். செண்பகம் எனக்குப் பக்கத்தில் பல் குத்திக்கொண்டு நின்றாள்.

சம்பந்தி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க" என்று மட்டும் சொன்னார்.

அறைக்கு வந்தால் கதவிடுக்கில் சாப்பாட்டு நேரச் சீட்டு. மறுநாள் மாலை பெரிய விருந்து. தங்க அட்டைக்காரர்களுக்கு அவர்கள் கூடத்தில் முதல் அமர்வு. கீழ்க்கூடத்தில் இரண்டு அமர்வுகள், நீல அட்டைக்காரர்களை இயந்திரமே பிரித்துப் போட்டிருந்தது. கீழே போய்ச் சம்பந்தி அறைக் கதவில் செருகியிருந்த சீட்டை எட்டிப் பார்த்தேன். இரண்டாம் அமர்வு. எங்கள் ஊர் மொழியில் இரண்டாம் பந்தி. ஒரு பந்தித் தகராறைத் தீர்க்க இவ்வளவு தூரம் வந்து, நடுக்கடலில் இன்னொன்றைச் சம்பாதித்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் காலை. நான் ஊழியர் சங்கத்தில் பல வருடம் செயலாளராக இருந்தவன். அதிகாரிகளுக்குத் தனிக் கழிப்பறை கூடாது என்று வாயிலில் நின்று கோஷம் போட்டவன். அப்படிப்பட்ட நான், ஒரு தடவை மேல்தளத்தைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். ஒரு பையன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கொடுத்தான். முகத்தைத் துடைத்தேன், கழுத்தைத் துடைத்தேன், இன்னும் சூடு இருந்ததால் அக்குளையும் துடைத்தேன். அவன் அதை இடுக்கியால் வாங்கிக்கொண்டான். "காலை வணக்கம், திரு. தியாகராஜன்" என்று பெயர் சொல்லி வணங்கினான். அலுவலகத்தில் என்னை இப்படி யாரும் வணங்கியதில்லை.

பக்கத்துச் சாய்வு நாற்காலியில் ஈப்போவில் லாரி ஓட்டிய ஒரு மலேசியத் தமிழர். என்னைவிட மூத்தவர். பேச்சு வளர்ந்ததும், ஒரே கப்பலில் இத்தனை வகுப்பு நியாயமா என்று என் சங்கக் குரலில் ஆரம்பித்தேன்.

"தம்பி, நான் வாழ்க்கை பூரா வரிசையில நின்னவன் லா. ஆஸ்பத்திரில வரிசை, பெர்மிட்டுக்கு வரிசை. ஒரு தடவ வரிசை இல்லாம இருந்து பாக்கணும்னு காசு சேத்தேன். இதுல என்னா தப்பு?" என்று அந்த ஊர் வழக்கப்படி 'லா' சேர்த்துக் கேட்டார்.

அவருடையது உழைத்துச் சேர்த்த சொகுசு, என்னுடையது குலுக்கலில் விழுந்தது. ஆனால் திமிர் மட்டும் எனக்குத்தான் சீக்கிரம் வந்தது. கீழே இறங்கும்போது லிஃப்டில் நீல அட்டைக்காரர்கள் நிறைய ஏறியதும் 'என்ன இது, இவ்வளவு கூட்டம்' என்று மனசு முணுமுணுத்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது. துண்டின் சூடுகூட இன்னும் ஆறியிருக்காது.

பகலில் ஒரு தீவுக்குப் போனோம். கப்பல் தூரத்தில் நிற்க, சிறு படகில் கரைக்குக் கூட்டிப்போகிறார்கள். நான் அட்டையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நீல வரிசையிலேயே நின்றேன். படகு இரண்டு அலை ஏறி இறங்கியதும் காலையில் தின்ற அன்னாசியெல்லாம் வெளியே வந்தது. சம்பந்தி என் நெற்றியைத் தன் உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டார். காய்த்துப் போன, பெரிய கை.

"வாய்க்கா ஆளுக்குக் கடலு ஒத்துக்கலயே" என்று சிரித்தார். "தூரமா, வானம் தொடுற எடத்தப் பாருங்க. படகப் பாக்காதீங்க."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைக் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. வாயில் புளிப்போடு நான் சந்தோஷப்பட்டேன். கரையில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். எங்கள் கடற்கரையில் விற்பதைவிடச் சின்னக் காய், விலை நான்கு மடங்கு. இருவரும் சேர்ந்து திட்டினோம். பிறரைச் சேர்ந்து திட்டுவதுபோல் உறவை வளர்ப்பது வேறில்லை. தேன்மொழிக்குப் போன் செய்து 'எல்லாம் சரியாயிடும்' என்று சொன்னேன்.

திரும்பும்போது படகுத்துறையில் பெரிய வரிசை, கொளுத்துகிற வெயில். செண்பகம் செருப்பில் புகுந்த மணலைத் தட்டக் குனிந்தாள். கழுத்தில் மாட்டி ரவிக்கைக்குள் செருகியிருந்த தங்க அட்டை வெளியே வந்து ஊசலாடியது. மாலுமி ஒருவன் ஓடி வந்தான். "அம்மா, ஐயா, நீங்கள் இங்கே நிற்கக் கூடாது. உங்களுக்குத் தனிப் படகு, தனி வழி" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டான். வரிசையே திரும்பிப் பார்த்தது.

சம்பந்தி அட்டையைப் பார்த்தார். "அப்ப நேத்து சம்மந்தியம்மா தூங்குனது அந்த ரூமுலதானா?"

நான் குலுக்கல் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி பட்டது.

"அதுக்கென்ன. போங்க, ஒங்களுக்குத்தான் வழி வுட்டுருக்கான்" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் 'அதுக்கென்ன' என்றால் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் பேச மாட்டார் என்று அர்த்தம்.

கப்பலுக்கு வந்ததும் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். "சம்பந்தி, இன்னைக்கி ராத்திரி நீங்க ரெண்டு பேரும் மேல போயி மொதப் பந்தியில சாப்புடுங்க. நாங்க ரெண்டாம் பந்திக்கிப் போறோம். அதான் மொறை. மறுத்தீங்கன்னா நான் இங்கயே உக்காந்துருவேன்" என்றேன். வாசலில் உட்கார்ந்தும்விட்டேன். கடைசியில் அவர் அட்டைகளை வாங்கிக்கொண்டார். மல்லிகா சம்பந்தியம்மா கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

என் பெருந்தன்மையை நானே பார்த்து ரசிக்க வேண்டாமா? சாயங்காலம் மாடிப்படியில் ஒரு பிளாஸ்டிக் பனைமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சம்பந்தி பட்டு வேட்டியில், மீசை முறுக்கி, மேல்கூடத்துக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்தார். அட்டையை இயந்திரத்தில் வைத்தார். அது 'பீப்' என்று அலறியது. திரையில் என் முகம் வந்தது, கண்ணாடியும் வழுக்கையுமாக, திருட்டுமுழி முழித்துக்கொண்டு. கப்பலில் ஏறும்போது எடுத்த படம் எல்லா அட்டைக்குள்ளும் இருக்கிறது என்பது ஒரு முட்டாளுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

வாசலில் நின்ற பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "மன்னிக்கவும் ஐயா, இது உங்கள் அட்டை இல்லை. உங்கள் அமர்வு பிறகுதான். கீழ்க்கூடத்தில் காத்திருங்கள்." பிறகு கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் முள்கரண்டியைத் தூக்கியபடி பார்த்தார்கள்.

நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். நின்றேனா? பனைமரத்தோடு ஒட்டிக்கொண்டேன். அதோடு விடவில்லை கப்பல். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: திரு. தியாகராஜன் அவர்களின் அட்டை வேறொரு பயணியிடம் இருந்தது, உடனே வந்து பெற்றுக்கொள்ளவும். எல்லாத் தளங்களிலும் கேட்டது.

அட்டையை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தேன். தேன்மொழியின் அழுகைதான் காதில் கேட்டது. இனி அவள் கையில் வளையல் அடுக்க எந்தச் சம்பந்தி வருவார்? செண்பகம் தலைமாட்டில் வந்து நின்றாள்.

"படுத்துக்கெடந்தா ஆச்சா? பொண்ணப் பெத்தவங்க பந்தியில என்னா பண்ணணுமோ அதப் பண்ணுவோம், எந்திரிங்க" என்றாள்.

இரண்டாம் அமர்வுக்குக் கீழே போனோம். சம்பந்தியும் மனைவியும் ஒரு கொரியக் குடும்பத்தோடு வட்ட மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. எங்கள் பெயர் அந்த அமர்வில் இல்லை, உங்களுக்கு மேலே இடம் இருக்கிறதே என்றார் மேற்பார்வையாளர். நான் கேட்டுக்கொண்டு நேராகப் போய்ச் சம்பந்தியின் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றேன். செண்பகம் மல்லிகாவுக்குப் பின்னால். பரிமாறுகிறவன் சோற்றைக் கொண்டுவந்தான். நான் கரண்டியை அவன் கையிலிருந்து வாங்கினேன்.

"சம்பந்தி, இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுங்களா? மீனு வந்துருக்கு, நடுத்துண்டாப் பாத்து வைக்கிறேன். கூச்சப்படாம சாப்புடுங்க."

அவர் நிமிரவில்லை. நான் விடவில்லை. கல்யாணத்தில் சரியாகச் செய்யாத விசாரிப்பையெல்லாம் சேர்த்துச் செய்தேன். தொக்குப் பாட்டிலை வாங்கி அவருக்கு வைத்தேன். கொரியக்காரர் தட்டை நீட்டினார், அவருக்கும் வைத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னும் கேட்டார். பரிமாறுகிற பையன் என் காதருகே வந்து, "ஐயா, நீங்கள் எந்தப் பிரிவில் வேலை பார்க்கிறீர்கள்?" என்று கவலையோடு கேட்டான்.

அது மல்லிகா சம்பந்தியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். சம்பந்தியின் தோள்கள் முதலில் அசைந்தன. பிறகு அந்தக் கடற்கரைச் சிரிப்பு வெடித்தது. கூடமே திரும்பியது.

"ஒக்காருங்க சம்மந்தி, போதும்" என்றார். கொரியக்காரர் எங்கிருந்தோ இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். சம்பந்தி தன் தட்டிலிருந்த மீனைப் பிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"காசு கூடக் குடுத்தவனுக்குப் பெரிய ரூமு குடுக்கட்டும், வேணாங்கல. எம் போட்டுலயும் போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கி ஒரு பங்கு, அப்பறந்தான் ஆளுங்களுக்கு. நான் ஓனரு, எனக்குத்தான் கூட வரும். ஆனா கடலுக்குள்ள போயிட்டா சோறு ஒரே பானை. எனக்குத் தனி, சுக்கான் புடிக்கிறவனுக்குத் தனின்னு கெடையாது. பங்குல வித்தியாசம் இருக்கலாம். சோத்துல இருக்கக் கூடாது."

நான் தலையாட்டினேன். சங்கத்தில் நான் பேசிய பேச்சுகளில் இதில் பாதி அளவுகூடத் தெளிவு இருந்ததாக நினைவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் குரல் தாழ்ந்து நான் அன்றுதான் கேட்டேன். "எங்க அண்ணன் பசிக்காகக் கோவப்படல சம்மந்தி. ரெண்டாம் பந்தியில சாப்புட்டாரு, நல்லாத்தான் இருந்துச்சின்னாரு. அந்தக் கதவு சாத்துனாங்க பாருங்க, அதத்தான் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காரு. இன்னைக்கி மேல என்னையும் சாத்துனாங்க. அப்பத்தான் அவருக்கு எப்புடி இருந்துருக்கும்னு எனக்கே வெளங்குச்சி."

தொக்குப் பாட்டிலை எடுத்து அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தேன்.

மூன்றாம் நாளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. செண்பகம் மல்லிகாவை எங்கள் அறைக்குக் கூட்டிப்போக, இருவரும் பால்கனியில் புடவை காயப்போட்டார்கள். யாரோ மேலிடத்தில் புகார் சொன்னார்கள். நானும் சம்பந்தியும் பொதுத் தளத்தில் வெயில் காய்ந்தோம்.

வளைகாப்பு அதே காரைக்கால் மண்டபத்தில் நடந்தது. முந்தின நாளே மண்டபத்துக்காரரைப் பிடித்து, பந்திக்கூடக் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாத்தி வைக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சம்பந்தியின் அண்ணன் வந்ததும் கையைப் பிடித்து அழைத்துப்போனேன். அவர் கதவில்லாத வாசலில் ஒரு நொடி நின்று, நிலைச்சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பெண்கள் தேன்மொழியின் இரண்டு கையிலும் வளையல் அடுக்கினார்கள். அவள் கையை ஆட்டி எனக்குச் சத்தம் காட்டினாள்.

ஆனால் கதவைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். முதல் பந்திக்கே ஊர் மொத்தமும் உள்ளே புகுந்துவிட்டது. ஓர் இலைக்கு இரண்டு பேர். என் அத்தான், சாத்தக் கதவில்லாமல் இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றார். சமத்துவம் வந்தது, அப்பளம் தீர்ந்தது. நானும் சம்பந்தியும் எல்லோரையும் உட்கார வைத்து, விசாரித்து, கடைசிப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தபோது சமையல்காரர் ரச வாளியோடு மட்டும் வந்தார். பாயசம் இல்லை. சம்பந்தி தன் இலையைப் பார்த்தார், என் இலையைப் பார்த்தார். இரண்டிலும் ரசம் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"சம்மந்தி, அந்தத் தங்க அட்டை இருந்தா எடுங்களேன். பாயசம் வருதான்னு பாப்போம்" என்றார், மண்டபம் முழுவதும் கேட்க.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அட்டை என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை ஊருக்கு வந்தும் நான் தூக்கிப் போடவில்லை. பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அதெல்லாம் கப்பல்லயே குடுத்துட்டேன் சம்பந்தி" என்றேன்.